இரண்டு கரண்டி உப்பு

'பரவாயில்லை' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஏழு வருடம் ஒரே மேசையின் இரு முனைகளிலும் நின்று படுக்கை விரிப்பு மடித்திருக்கிறோம்; சொல்லியிருந்தால் எப்படியும் என் காதில் விழுந்திருக்கும்.

மொன்றியல் நகரில், செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு முதியோர் இல்லம். அதன் நிலவறையில் சலவைக்கூடம். இரண்டாயிரமாம் ஆண்டையொட்டி நானும் அவரும் ஒரே மாதத்தில் அங்கே வேலைக்குச் சேர்ந்தோம். நான் மன்னாரிலிருந்து இந்தியா, இந்தியாவிலிருந்து கனடா என்று வந்து சேர்ந்தவள். அவர் பிரேசிலில் பாஹியா என்னும் கடற்கரை மாநிலத்துக்காரி. எனக்கு முப்பத்தைந்து வயது. அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கறுப்பு நிறம், கட்டை உருவம், தலை நிறையச் சுருள் முடி. எங்கள் ஆட்கள் பஸ் தரிப்பிடத்தில் அவரைக் கண்டு, "நீங்கள் ஊரில எவடம்?" என்று கேட்பார்கள். நான் சொல்லிக்கொடுத்திருந்தபடி அவர் கூசாமல் "மன்னார்" என்பார். அதற்குமேல் அவருக்குத் தமிழ் தெரியாது. மற்ற ஆளும் அதற்குமேல் கேட்காது.

நாங்கள் இருவரும் கதைத்தது பிரெஞ்சு. இருவருடையதும் கால் உடைந்த பிரெஞ்சு. ஆனால் இப்போது நினைத்துப் பார்த்தால், அவர் என்னோடு எங்கள் ஊர்த் தமிழில் கதைத்ததாகவே கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன். திருத்த விரும்புகிறவர்கள் வேறொரு கட்டுரை எழுதிக்கொள்ளட்டும்.

விரிப்பு மடிப்பது இரண்டு பேர் வேலை. சூடான உருளைக்குள்ளால் வெளியே வரும் துணியை ஆளுக்கொரு முனையில் பிடிக்க வேண்டும். அவர் நாக்கால் 'டக்' என்று ஒரு சத்தம் வைப்பார். அந்தச் சத்தத்துக்குத்தான் இருவரும் கையை மாற்றுவோம். ஓரமும் ஓரமும் ஒரு விரல் அளவு விலகினாலும் உதறிப் போட்டுவிட்டுத் திரும்ப மடிப்பார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

"மேல படுத்திருக்கிற கிழவருக்கு மடிப்புத் தெரியப்போகுதோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியாது. ஆனா மடிப்புக் கோணினா தையல் நடுவில வரும், பிள்ளை. அது ராத்திரி முழுக்க முதுகில குத்தும். அது தெரியும்."

அடுத்த விரிப்பை நானே உதறித் திரும்ப மடித்தேன்.

இன்னொரு நாள், தோல் நீக்கிய பயறை அரைத்துச் செய்த ஒரு பலகாரம் கொண்டுவந்தார். கடித்துப் பார்த்தால் வடையின் ஒன்றுவிட்ட சகோதரி. செம்பனை எண்ணெயில் பொரித்தது, செக்கச்செவேலென்று இருந்தது. அடுத்த வாரமும் கேட்டேன். அவருக்கு வழக்கமாக எண்ணெய் கொடுக்கும் ஆபிரிக்கக் கடையில் அது முடிந்துபோயிற்றாம். "சூரியகாந்தி எண்ணெயில சுட்டால் என்ன, குறைஞ்சா போகும்?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ தூஷணம் சொல்லிவிட்டது போலிருந்தது.

"இல்லாட்டிச் செய்யாமல் விடுவன். வேற ஒண்டைச் செய்துபோட்டு அதுக்கு இந்தப் பேரை வைக்க மாட்டன்" என்றார்.

அவரை முழுசாக எழுதவேண்டுமென்றால் அந்த ஒரு வரி போதும். மேலே எழுதியதும் கீழே எழுதப்போவதும் அதன் விரிவுதான்.

மதிய இடைவேளையில் எல்லோரும் கோப்பி குடிக்க, அவர் தலை வாருவார். பல் அகன்ற மரச் சீப்பு, கைப்பிடி தேய்ந்து வழவழத்துப் போனது. அந்த முடியைச் சிக்கெடுக்க இருபது நிமிடம் பிடிக்கும். இடைவேளை அரை மணித்தியாலம். சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் போதும் என்று கணக்கு வைத்திருந்தார். தலை வாரிய பிறகு தன் அலமாரிப் பெட்டியைத் திறந்து, அங்கிருந்த ஒரு சின்னப் போத்தலை எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீரை நெற்றியில் தொட்டுக்கொள்வார். சனிக்கிழமை வேலை இருந்தால் இரண்டு சொட்டு.

எனக்குத் தீர்த்தம் புதிதில்லை. நான் கத்தோலிக்கப் பெண். எந்த மாதா கோவில் தண்ணீர் என்று விசாரித்தேன்.

"கடல்" என்றார்.

அது அவருடைய சமயம். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர்கள் தங்களோடு கொண்டுவர முடிந்தது தெய்வங்களை மட்டும்தான் என்று அவர் சொல்வார். எசமான்கள் அதையும் கும்பிட விடவில்லை. ஆகவே தேவமாதாவின் படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு, உள்ளே தங்கள் கடல் தாயை நினைத்துக்கொண்டார்கள். அவள் பெயர் யெமாஞ்சா. மீன்களுக்கும் மனிதர்களுக்கும் தாய். சனிக்கிழமை அவளுக்குரிய நாள். ஒவ்வொரு பெப்ரவரி இரண்டாம் திகதியும் பாஹியாவில் சனம் வெள்ளை உடுத்திக்கொண்டு கடற்கரைக்குப் போகும். கூடையில் வெள்ளைப் பூ, வாசனைத் தைலம், சவர்க்காரம், கண்ணாடி, சீப்பு. தாய் அழகு பார்க்கிறவள். கூடையைக் கடல் உள்ளே எடுத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டாள். கரைக்குத் திருப்பித் தள்ளினால் இல்லை.

மொன்றியலில் பெப்ரவரி இரண்டு எப்படி இருக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூக்கு மயிர் உறையும். கடல் பக்கத்தில் எங்கும் இல்லை. ஆனாலும் சேர்ந்த முதல் வருடமே அவர் மேற்பார்வையாளரிடம் போய் இரண்டு நாள் லீவு கேட்டார். எதற்கு என்று அந்த மனிதர் கேட்டார். கடலுக்கு என்றார் இவர். மனிதர் சிரித்துவிட்டு, இல்லை என்றார். இவரும் சிரித்துவிட்டு, "நான் அனுமதி கேக்கேல்லை, வரமாட்டன் எண்டு சொல்லத்தான் வந்தனான்" என்று சொல்லிவிட்டு வந்து விரிப்பு மடித்தார்.

அன்று மாலையே கூடையோடு பஸ் ஏறிவிட்டார். செயின்ட் லாரன்ஸ் ஆற்றோடு கிழக்கே போனால், கியூபெக் நகரம் தாண்டி ஆறு மெல்ல மெல்ல உப்பாகும். அதற்கும் அப்பால் போய், வழியில் இறங்கி இறங்கி வாயில் தண்ணீர் தொட்டுப் பார்த்து, இதுதான் கடல் என்று நாக்குச் சொன்ன இடத்தில் கூடையைக் கொடுத்துவிட்டு, போத்தலை நிரப்பிக்கொண்டு மூன்றாம் நாள் காலை நேரே வேலைக்கு வந்தார். அவரை வேலையிலிருந்து நிற்பாட்டத்தான் மேற்பார்வையாளர் காத்திருந்தார். ஆனால் அந்த இரண்டு நாளில் உருளை இயந்திரம் மூன்று தடவை சிக்கியிருந்தது. மனிதர் அவரைப் பார்த்தார், இயந்திரத்தைப் பார்த்தார், போய்விட்டார். அடுத்தடுத்த வருடங்களில் அந்த மனிதரே நாட்காட்டியில் குறித்து வைத்தார்.

"இவ்வளவு தூரம் ஏன் அலைகிறீங்கள்? இஞ்சை பக்கத்திலயே ஆறு ஓடுது. அந்தத் தண்ணி எப்பிடியும் கடலுக்குத்தானே போகுது?" என்று நான் புத்தி சொன்னேன்.

"ஆத்துக்கு வேற ஆள் இருக்கிறா. ஓஷுன் எண்டு. நல்லவ, வடிவானவ. ஆனா தாய்க்குக் கொண்டுவந்த சாமானை அடுத்த வீட்டுக் கதவில வைச்சிட்டுப் போறது என்ன பழக்கம்?"

"அங்கை போய் என்ன கேப்பீங்கள்?"

"ஒண்டும் கேக்கிறேல்லை. சொல்லுவன். ஒரு வருசத்தில நடந்த எல்லாத்தையும் சொல்லுவன். அழுகை வந்தா அழுவன். என்ர கண்ணீர் இவ்வளவு உப்பு," என்று நகத்தின் நுனியைக் காட்டினார். "அவவுக்கு அது ஒரு பாரமே இல்லை."

அவருக்கு ஒரு மகன் இருந்தான், இளம் வயதில் செத்துப்போனான். எப்படி என்று நான் கேட்கவில்லை. அடக்கம் செய்த மறுநாள் அவர் கடலுக்குள் இடுப்பளவுக்கு இறங்கினாராம், திரும்பி வரும் எண்ணம் இல்லாமல். அலை மூன்று தடவை கரையில் கொண்டுவந்து தள்ளியதாம். "போ, போய்ச் சமை, வீட்டில மற்றப் பிள்ளை பசியோட இருக்கு எண்டு தள்ளினா" என்றார். சொல்லும்போது சிரித்தார். அன்றைக்கு அவர் போய்ச் சமைத்திருக்கிறார்.

நான் சிரிக்கவில்லை. எனக்குக் கடலைப் பற்றிய கதையே பிடிக்காது. மீன் வாங்குவேன், கழுவுவேன், குழம்பு வைப்பேன். கடலை மட்டும் பார்க்க மாட்டேன். இந்தியாவில் அகதி முகாமில் இருந்த காலத்திலும் கடற்கரைப் பக்கம் போகவில்லை. ஏன் என்று அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. யாரிடமும்தான் சொல்லியிருக்கவில்லை. மீனவன் மகள் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். அதை அவர் பெரிய தகுதியாக எடுத்துக்கொண்டார். அங்கேதான் வினை தொடங்கியது.

ஆறாவது வருடமோ ஏழாவது வருடமோ, அவர் வயிற்றில் ஒரு கட்டி கண்டுபிடித்தார்கள். எட்டு மாதம் காத்திருந்து சத்திரசிகிச்சைக்குத் தவணை கிடைத்தது: பெப்ரவரி நான்கு, காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். இரண்டாம் திகதி ஸ்கேன். எதையும் மாற்றக் கூடாது. மாற்றினால் திரும்ப வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும்.

முதலாம் திகதி கூடையை என் கையில் தந்தார். ஒரு வருடமாகத் தேடிச் சேர்த்த சாமான்கள். நீல நாடா கட்டியிருந்தது.

"உன்னிட்டக் கார் இருக்கு. நீ கடல்காரி. உன்னைத் தவிர வேற ஆரிட்டயும் குடுக்க மாட்டன்," என்றார். வெற்றுப் போத்தலையும் தந்தார். "இதில தண்ணி கொண்டு வா. மேசையில ஏற முன்னம் நெத்தியில வைக்க வேணும். எனக்குப் பயமாயிருக்கு, பிள்ளை."

அவருக்குப் பயம் என்று அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் ஓம் என்று தலையாட்டிக் கூடையை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் மெழுகுதிரித் திருநாள். காலையில் கோவிலுக்குப் போய், சுவாமியார் மந்திரித்த மெழுகுதிரியை ஏந்திக்கொண்டு பக்தியாக நின்றேன். பிறகு காரை எடுத்தேன். கிழக்கே போகவேண்டியவள் மேற்கே போனேன். மொன்றியல் தீவின் மேற்கு நுனியில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் பாலத்துக்குக் கீழே தண்ணீர் இழுத்து ஓடும், உறையாது. அங்கே கூடையை விட்டேன். பனி விழும், வீதி வழுக்கும், போகவர ஒன்பது மணித்தியால ஓட்டம், ஆளுக்குத் தெரியவா போகிறது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். போத்தலை ஆற்றில் நிரப்பி வீட்டுக்கு வந்து, சமையலறையில் நின்று இரண்டு கரண்டி உப்புப் போட்டுக் கலக்கினேன்.

என் மனுசன் வந்து பார்த்தார். "நீர் என்ன, சேலைனோ காய்ச்சுறீர்?"

விசயத்தைச் சொன்னேன். அவர் ஒரு சொட்டு எடுத்து நக்கிப் பார்த்துவிட்டு, "ஓம், கடல்தான்" என்று சான்றிதழ் கொடுத்தார். அவர் யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டக்காரர் பரம்பரை. கடலை மீன் சந்தையில் மட்டும் கண்டவர்.

மாலையில் போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்கான பை கதவடியில் தயாராக இருந்தது. அவர் கதிரையில் உட்கார்ந்து, போத்தலைத் திறந்து, விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். திரும்பவும் ஒரு தடவை தொட்டு வைத்தார்.

"உப்பு இருக்கு," என்றார். "கைப்பு எங்கை?"

"குளிருக்கு அப்பிடித்தான் இருக்கும்" என்றேன். பொய்யைச் சொன்னவள்தானே அதைத் தாங்கிப் பிடிக்கவும் வேண்டும்.

அவர் போத்தலை என் பக்கம் நீட்டினார். "நீ குடிச்சுப் பார்."

குடித்தேன். சமையல் உப்பு. கஞ்சிக்குப் போடுகிற உப்பு. கடல் தண்ணீர் உப்பு மட்டும் இல்லை, தொண்டையில் இறங்கும்போது கைக்கும். எழுத்துத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்த விசயம் அது. நீந்தப் பழகும்போது எத்தனை மிடறு விழுங்கியிருப்பேன்! அதை நான் மறந்துபோய், உப்புப் போத்தலைத் திறந்து இரண்டு கரண்டி அளந்து போட்டிருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது. பொய் பிடிபட்டதால் அல்ல.

"எந்த ஆறு?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"அப்ப எல்லாம் ஓஷுனுக்குப் போட்டுது. அவவுக்கு லாபம்." எழுந்து சமையலறைக்குப் போனார். பாண் வைக்கிற பிரம்புக் கூடையை வெறுமையாக்கிக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரிப் பையைத் திறந்து, தனக்கென்று வைத்திருந்த புதுச் சவர்க்காரத்தை எடுத்துக் கூடையில் வைத்தார். கைக்கண்ணாடியை வைத்தார். கடைசியாக அந்த மரச் சீப்பையும் வைத்தார்.

"என்ன செய்யிறீங்கள்? நாளையிண்டைக்கு ஒப்பரேசன்!"

"ஓம். இடையில நாளைக்கு ஒரு நாள் இருக்கு."

"ஒரு நாள் பிந்தினால் ஏற்பாவோ?"

"பிந்தி வந்தால் தாய் பேசுவா. வாங்கிக் கட்டுவம். ஆனா கதவைச் சாத்த மாட்டா. ஆறு மணிக்கு வா. நீ வராட்டிப் பஸ்ஸில போவன்."

அவர் போவார் என்று எனக்குத் தெரியும். பஸ் ஒன்று வழியில் நின்றுபோனாலும் எட்டு மாதம் காத்திருந்த தவணை போய்விடும். காலை ஆறு மணிக்கு அவர் வாசலில் காருடன் நின்றேன்.

வீதி வெள்ளையாக இருந்தது. கியூபெக் வரைக்கும் அவர் என்னை ஏசவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. ஒரு பூக்கடையில் வெள்ளைப் பூ வாங்கி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கடைக்காரியிடமே திருப்பிக் கொடுத்தார். கியூபெக் தாண்டி முதல் தடவை நிறுத்தி, ஒரு துறையில் பனிக்கட்டி உடைந்த இடமாகப் பார்த்து விரல் தொட்டார். தலையாட்டினார்: இல்லை. ஒரு மணித்தியாலம் கழித்து இன்னொரு இடம். "துவங்குது" என்றார். பிறகும் ஒரு மணித்தியாலம். ஒரு சின்னப் படகுத்துறை. அங்கே சவளால் பனி வழித்துக்கொண்டிருந்த ஒரு முதியவர், இரண்டு கறுத்தப் பெண்கள் கூடையோடு வருவதைப் பார்த்து சவளை ஊன்றிக்கொண்டு நின்றார். இது ஆறா கடலா என்று கேட்டோம்.

"வரைபடத்தில ஆறு. இஞ்சை நாங்கள் கடல் எண்டுதான் சொல்லுறம்" என்றார்.

இவர் துறைப் படியால் இறங்கிக் குனிந்து தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். நானும் கையுறையைக் கழற்றி விரலை வைத்தேன். விரல் எரிந்தது. வாயில் வைத்தேன். கைத்தது.

அவர் கூடையைத் தூக்கிவிட்டார். அப்போதுதான் நான் தண்ணீரைச் சரியாகப் பார்த்தேன். பனிக்கட்டித் துண்டுகள் மெதுவாகக் கரைப்பக்கம் வந்துகொண்டிருந்தன. பதினாறு வருடமாக நான் பார்க்க மறுத்த விசயத்தை ஒரு கணத்தில் கண் வாசித்துவிட்டது.

"பொறுங்கோ," என்றேன். "இது பெருக்கு. தண்ணி உள்ளுக்கு வருது. இப்ப விட்டால் கூடை திரும்பி வரும். தண்ணி இறங்கி வத்துத் துவங்க வேணும்."

"எவ்வளவு நேரம்?"

தூண்களில் ஈரம் ஏறியிருந்த அளவைப் பார்த்தேன். "ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட."

அவர் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லாமல் காருக்குள் வந்து உட்கார்ந்தார். இதில் நான் சொன்னால் சரி என்று விட்டுவிட்டார். கார் சூடு ஏறியது. கொஞ்ச நேரம் கழித்து, "பனிக்காக நீ பொய் சொல்லேல்லை" என்றார்.

இல்லை என்றேன். பிறகு சொன்னேன். தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் மன்னாரிலிருந்து வள்ளத்தில் புறப்பட்டோம். வள்ளக்காரன் இருட்டில் ஒரு மணல் திட்டியில் எங்களை இறக்கிவிட்டு, இதுதான் இந்தியா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அது கடல் நடுவில் ஒரு மணல் மேடு. பெருக்கு ஏறத் தொடங்கியது. என் தம்பி என் கைக்குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு என்னை உயரமான பக்கத்துக்கு இழுத்து வந்தான். பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, பின்னால் நின்ற ஒரு கிழவியைக் கூட்டிவரத் திரும்பிப் போனான். கிழவி வந்து சேர்ந்தாள். அவன் வரவில்லை. பத்தொன்பது வயது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். வள்ளத்துக்குள்ளும் தலை வாரினான், நான் ஏசினேன். உடல் கிடைக்கவில்லை. அவனுக்கு நான் ஒரு பூசைகூட ஒப்புக்கொடுக்கவில்லை. கொடுத்தால் செத்துப்போனான் என்று ஆகிவிடும்.

அவர் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, தேற்றவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. "இந்தக் கடல்தான் அவனைக் கொன்றது. இதைப் போய் நீங்கள் தாய் எண்டுறீங்கள்" என்று கத்தினேன்.

"கொன்றது ஆரெண்டு எனக்குத் தெரியாது. நான் சாட்சி இல்லை," என்றார். "இப்ப ஆரிட்ட இருக்கிறான் எண்டு தெரியும். பதினாறு வருசமா அவன் அங்கை இருக்க, நீ அந்தத் தெருவால போகாமல் இருக்கிறாய். சண்டை பிடிக்கிறதெண்டால் முகத்துக்கு நேர நிண்டு பிடி. இறங்கு."

இறங்கினோம். பனிக்கட்டிகள் அசையாமல் நின்றன. பிறகு ஒவ்வொன்றாக வெளியே திரும்பத் தொடங்கின. வத்து.

படியடியில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டு நின்றது, துறையின் விளிம்போ தண்ணீரிலிருந்து உயரமாக இருந்தது. கார்ப் பின்பெட்டியில் இல்லத்தில் கழித்துவிட்ட பழைய விரிப்புகள் இரண்டு கிடந்தன. அவற்றை முடிந்து நீளமாக்கி, நடுவில் கூடையை வைத்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு முழந்தாளிட்டோம். இறக்குவதற்கு முன் அவர் கூடைக்குள் கைவிட்டுச் சீப்பை எடுத்து என்னிடம் தந்தார்.

"இது என்ர இல்லை. உன்ர தம்பிக்கு. நீ வை. பேரைச் சொல்லி வை."

பதினாறு வருடமாக வாய்விட்டுச் சொல்லாத பெயரைச் சொன்னேன். மற்றதையும் சொன்னேன். கடலை நன்றாக ஏசினேன், எங்கள் கரையில் பேசுகிற பேச்செல்லாம் பேசினேன். நல்லவேளை, அந்த முதியவருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் அவர் போர்த்துக்கேயத்தில் தன் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் சொன்னது மற்றவருக்கு விளங்கவில்லை. கடைசியில் அழுதேன். எனக்கு நெஞ்சு லேசானது, உண்மையைச் சொன்னால் அதுதான் நடந்தது.

மெல்ல இறக்கினோம். கூடையின் அடி தண்ணீரில் முட்டியது. அவர் நாக்கால் 'டக்' என்றார். நான் என் முனையை விட்டேன். விரிப்பு நழுவி மேலே வந்தது. கூடை மிதந்து ஒரு தடவை சுற்றி நின்றது. துறைப் பக்கம் ஒரு முழம் வந்தது. பிறகு அது வெளியே போகிற பனிக்கட்டிகளோடு சேர்ந்து போயிற்று. திரும்பி வருகிறதா என்று கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். வரவில்லை.

அவர் போத்தலை நிரப்பி, தொட்டு நக்கிப் பார்த்து, மூடினார். "இனி வெட்டட்டும்" என்றார்.

மறுநாள் காலை வெட்டினார்கள். கட்டி கெட்டது இல்லை என்று பிறகு தெரிந்தது. அவர் இன்னும் ஒரு வருடம் என் எதிரே நின்று விரிப்பு மடித்தார். பிறகு மகள் கூப்பிட்டு பாஹியாவுக்கே போய்விட்டார். அங்கே கடல் வீட்டு வாசலில். நான் அந்த நவம்பரில், ஆத்துமாக்கள் திருநாளுக்கு, தம்பியின் பெயரைக் கொடுத்துப் பூசை ஒப்புக்கொடுத்தேன். அவன் தூக்கி வந்த பிள்ளை, இப்போது பிரெஞ்சில் மட்டும் சண்டை பிடிக்கிறவள், பக்கத்தில் நின்றாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது சீப்பைப் பற்றி.

சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். தலையணை முழுக்க முடி, ஒரே சிக்கு. கண் திறந்ததும் கேட்டது அதைத்தான். "சீப்பு எங்கை?"

"கடலில."

அவர் சிரிக்கத் தொடங்கி, தையல் இழுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டினார். வரும் வழியில் தெப்பனர் என்கிற மூலைக்கடையில் வாங்கியிருந்த புதுச் சீப்பை எடுத்து நீட்டினேன். நெருக்கமான பல், கறுப்புப் பிளாஸ்டிக். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சீப்பில்லை" என்று என் கையில் திருப்பித் தந்தார்.

அன்று அவசரத்துக்கு இது போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கி, பஸ் பிடித்து செயின்ட்-மிஷேலுக்குப் போய், எயிட்டி நாட்டுப் பெண்கள் தலைமுடிச் சாமான் வாங்குகிற கடை கடையாக ஏறினேன். மூன்றாவது கடையில் இருந்தது. மரம், அகன்ற பல்.

இரண்டு எடுத்தேன். ஒரு தலைக்கு ஒன்று போதுமே என்றாள் கடைக்காரி. மற்றது அடுத்த பெப்ரவரிக்கு என்றேன்.